நீதிமன்ற வாசலில் நிற்கும் போலீசுக்கு யார் பணம் தருகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 டிசம்பர் 20 அன்று திருநெல்வேலி மாவட்ட நீதிமன்ற வாசலில் பட்டப்பகலில் ஒருவரை ஒரு கும்பல் வெட்டிக் கொன்றது. அங்கிருந்த ஒரு போலீஸ்காரரும் சில வழக்கறிஞர்களும் துரத்திப்போய் ஒருவனைப் பிடித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அன்றிலிருந்து வழக்குக்கு வந்து போகும் மக்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே இருக்கின்றன. நீதிமன்றத்தோடு சேர்த்து நீதிபதிகள், அமைச்சர்கள், அதிகாரிகளுக்கான போலீஸ் பாதுகாப்பையும் சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் ஆளும் பணமும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் போகின்றன.

கோர்ட் பாதுகாப்பு மத்திய அரசின் பொறுப்பா, மாநில அரசின் பொறுப்பா?

மாநில அரசின் பொறுப்பு. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்கள். முன்சீப் கோர்ட் தொடங்கி உயர் நீதிமன்றம் வரைக்கும் பாதுகாப்பு கொடுக்க வேண்டியது அந்தந்த மாநிலம்தான். டெல்லி போலீஸ் மத்திய உள்துறையின் கீழ் இருப்பதால் அங்குள்ள நீதிமன்றங்கள் விதிவிலக்கு.

2021 ஜூலை 28 அன்று ஜார்க்கண்ட் மாநிலம் தன்பாத்தில், காலை நடைப்பயிற்சிக்குப் போன கூடுதல் மாவட்ட நீதிபதி உத்தம் ஆனந்த் மீது ஓர் ஆட்டோவை ஏற்றிக் கொன்றார்கள். காலியாகக் கிடந்த சாலையில் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தவரை நோக்கி அந்த ஆட்டோ வளைந்து வருவது சிசிடிவியில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தபோது, நீதிபதிகளுக்கென்று சிஐஎஸ்எஃப் (மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை) மாதிரி ஒரு தேசியப் படை அமைக்கலாமே என்ற கேள்வி எழுந்தது. அது உசிதமாக இருக்காது, காவல் என்பது மாநில விஷயம், 2007-லேயே வழிகாட்டு நெறிமுறைகள் அனுப்பிவிட்டோம் என்று மத்திய அரசு பதில் சொன்னது. சட்டப்படி அந்தப் பதில் சரிதான். ஆனால் நெறிமுறை அனுப்பினால் மட்டும் வாசலில் ஆள் வந்து நிற்க மாட்டார். அதற்குச் சம்பளம் யாராவது போட வேண்டும்.

மாநில பட்ஜெட்டில் இந்தச் செலவு எந்தத் தலைப்பில் வருகிறது?

பட்ஜெட்டில் ஒவ்வொரு துறைக்கும் சட்டமன்றத்தில் பணம் கேட்பதற்கு மானியக் கோரிக்கை என்று பெயர். தமிழ்நாடு பட்ஜெட்டில் நீதி நிருவாகம் மானியக் கோரிக்கை எண் 3. காவல்துறை எண் 22. கோர்ட்டில் வேலை செய்யும் எழுத்தர், அமீனா, டவாலி எல்லாருக்கும் சம்பளம் 3-இலிருந்து போகிறது. அதே கோர்ட்டின் வாசலில் நிற்கும் போலீஸ்காரருக்கு 22-இலிருந்து. சுற்றுச்சுவரும் கேட்டும் கட்டுவது பொதுப்பணித்துறை. அது தனிக் கணக்கு.

ஆக ஒரு மாவட்ட நீதிபதி தன் வளாகத்துக்குக் கூடுதலாக நான்கு போலீசார் வேண்டும் என்று நினைத்தால், தன் துறைப் பணத்திலிருந்து அதைச் செய்ய முடியாது. எஸ்.பி.க்கு எழுத வேண்டும். எஸ்.பி. தன்னிடம் உள்ள ஆட்களிலிருந்துதான் கொடுப்பார். ஊரில் தேர்த் திருவிழா, அரசியல் மாநாடு, அமைச்சர் வருகை என்று வந்துவிட்டால் பந்தோபஸ்துக்கு ஆள் போதாது. முதலில் எடுக்கப்படுவது கோர்ட் டியூட்டியில் இருப்பவர்கள்தான். வழக்குக்காக ஒரு வாரம் தொடர்ந்து கோர்ட்டுக்குப் போனவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்: திங்கட்கிழமை வாசலில் நான்கு பேர், வியாழக்கிழமை யாருமில்லாத ஒரு மெட்டல் டிடெக்டர் சட்டகம்.

அரசியலமைப்பின் 229-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் நிர்வாகச் செலவுகள் மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து நேரடியாகப் போகின்றன. அதற்குச் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு கிடையாது. நீதித்துறை அரசிடம் கையேந்தி நிற்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆனால் நீதிமன்றத்துக்குக் காவல் நிற்கும் போலீசின் செலவு இந்த ஏற்பாட்டுக்குள் வராது. தனித் தலைப்பு, தனிப் பணியிடம், தனித் தொகை என்று ஒன்று உருவாகாத வரை கோர்ட் பாதுகாப்பு மீதமிருக்கும் ஆளை வைத்துச் சமாளிக்கும் வேலையாகவே இருக்கும். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இதுதான்.

நீதித்துறைக் கட்டமைப்புக்கென்று மத்திய அரசு பணம் தருகிறதே?

தருகிறது. 1993-94 முதல் அந்தத் திட்டம் நடக்கிறது. பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. கோர்ட் அறைகள், நீதிபதிகள் குடியிருப்பு, வழக்கறிஞர் கூடம், கழிப்பறை, கணினி அறை ஆகியவற்றுக்கான பணம் அது. காவலுக்கு ஆள் போட அதில் இடமில்லை.

மத்திய வரிப்பணத்தில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் 14-ஆவது நிதிக் குழுவிடம் 2015 முதல் 2020 வரையிலான காலத்துக்கு நீதித்துறைக்காக ரூ.9,749 கோடிக்கு ஒரு திட்டம் வைக்கப்பட்டது. மாநிலங்களுக்கு வரிப்பங்கை 42 சதவீதமாக உயர்த்தியிருக்கிறோம், அந்தக் கூடுதல் பணத்திலிருந்து இதைச் செய்துகொள்ளுங்கள் என்று குழு சொல்லிவிட்டது. இன்ன செலவுக்கு என்று பெயர் எழுதாமல் பொதுவில் வரும் பணத்தில் கோர்ட்டின் முறை எப்போதும் கடைசியில்தான் வரும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் மட்டும் ஏன் சிஐஎஸ்எஃப் நிற்கிறது? அதற்கு யார் செலவு?

2009 பிப்ரவரி 19 அன்று அந்த வளாகத்துக்குள் போலீசுக்கும் வழக்கறிஞர்களுக்கும் நடந்த மோதலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நீதிபதிகள் உட்படப் பலர் அன்று காயமடைந்தார்கள். அதற்குப் பிறகு மாநில போலீசை வளாகத்துக்குள் கொண்டுவருவதே ஒரு பிரச்சினையாகிவிட்டது. 2015 செப்டம்பரில், தமிழை வழக்காடு மொழியாக்க வேண்டும் என்று கோரிய வழக்கறிஞர்கள் தலைமை நீதிபதியின் கோர்ட் அறைக்குள்ளேயே அமர்ந்து போராடினார்கள். தமிழில் வாதாட வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. விசாரணை நடக்கும் அறைக்குள் அதை நடத்திய விதம்தான் சிக்கலாயிற்று. அப்போதைய தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான அமர்வு, மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையை நிறுத்த உத்தரவிட்டது. எங்கள் போலீசே போதும் என்று மாநில அரசு வாதிட்டுப் பார்த்தது. எடுபடவில்லை. 2015 நவம்பர் 16 முதல் அந்தப் படை பொறுப்பேற்றது.

சிஐஎஸ்எஃப் எங்கே போனாலும் கூப்பிட்டவர்தான் செலவைத் தர வேண்டும். விமான நிலையம், துறைமுகம், அனல்மின் நிலையம் எல்லாவற்றுக்கும் இதே நடைமுறை. இங்கே பணம் கட்டச் சொன்னது மாநில அரசை. தொடக்கத்திலேயே ரூ.16 கோடிக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது.

அப்படியானால் எல்லா மாவட்ட நீதிமன்றங்களுக்கும் சிஐஎஸ்எஃப் போடலாமே?

கட்டுப்படியாகாது. தாலுகா அளவில் இருக்கும் கோர்ட்டுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை எங்கேயோ போகும். தவிர, உள்ளூர் ரவுடிகளின் முகம் தெரிந்தவர் உள்ளூர் போலீஸ்காரர்தான். இன்று யார் வழக்கு, எந்தத் தரப்பு எத்தனை பைக்கில் வந்திருக்கிறது என்பதை வெளி மாநிலத்திலிருந்து வந்த ஜவான் எப்படிக் கண்டுபிடிப்பார்?

உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி ஏதாவது உத்தரவு போட்டிருக்கிறதா?

போட்டிருக்கிறது. நல்ல உத்தரவு. 2021 செப்டம்பர் 24 அன்று டெல்லி ரோகிணி நீதிமன்றத்தில் வழக்கறிஞர் உடையில் வந்த இரண்டு பேர், கோர்ட் அறைக்குள்ளேயே ஒரு விசாரணைக் கைதியைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களைப் போலீஸ் அங்கேயே சுட்டுக் கொன்றது. அதே வளாகத்தில் அந்த டிசம்பரில் ஒரு கோர்ட் அறைக்குள் குண்டு வெடித்தது. 2023 ஜூனில் லக்னோவில் மறுபடியும் வழக்கறிஞர் உடை, மறுபடியும் துப்பாக்கி.

2023 ஆகஸ்ட் 11 அன்று பிரத்யுமன் பிஷ்ட் வழக்கில் நீதிபதிகள் எஸ்.ரவீந்திர பட், தீபாங்கர் தத்தா அமர்வு ஒரு விரிவான உத்தரவைப் பிறப்பித்தது. ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் உள்துறைச் செயலர், டிஜிபியோடு உட்கார்ந்து பாதுகாப்புத் திட்டம் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு வளாகத்துக்கும் நிரந்தரமான நீதிமன்றப் பாதுகாப்புப் பிரிவு அமைப்பது பற்றியும் அதில் சேர்க்கலாம்: எத்தனை பேர், எங்கிருந்து எடுப்பது, குறைந்தது எவ்வளவு காலம் அங்கே இருப்பார்கள், கூடுதல் படி எவ்வளவு, என்ன பயிற்சி. நுழைவாயிலில் சோதனை, பை ஸ்கேனர், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வசதி, வளாகத்துக்குள் இருக்கும் சம்பந்தமில்லாத கடைகள் என்று எதையும் விடவில்லை. சிசிடிவி எங்கெங்கே வைப்பது என்று மாவட்டவாரியாகத் திட்டம் போட வேண்டும், அதற்கான நிதியை மாநில அரசு உரிய நேரத்தில் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

கூடுதல் படி பற்றிய வரி சாதாரணமானதாகத் தெரியலாம். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கோர்ட் டியூட்டி என்றால் ஓரங்கட்டிவிட்டார்கள் என்று போலீஸ்காரர்கள் நினைக்கிறார்கள். அங்கே விரும்பி வருகிற மாதிரி ஏதாவது செய்தால்தான் விழிப்பாக இருக்கும் ஆள் கிடைப்பார்.

திருநெல்வேலிக்குப் பிறகு தமிழ்நாட்டில் என்ன மாறியது?

துப்பாக்கி ஏந்திய போலீசாரை நீதிமன்றங்களில் நிறுத்த டிஜிபி உத்தரவிட்டார். அது தேவைதான். ஆனால் துப்பாக்கியால் எல்லாம் தீராது. 2023 மார்ச் 23 அன்று கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில், வழக்குக்காக வந்திருந்த ஒரு பெண் மீது அவருடைய கணவர் அமிலத்தை ஊற்றினார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. அமிலம் வந்தது பாட்டிலில். மெட்டல் டிடெக்டர் அதைக் காட்டாது. யாராவது அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கி, இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அதே கோவையில் அதற்கு முந்தைய மாதம் நீதிமன்றத்துக்கு அருகே ஒரு கொலை நடந்தது.

இப்படிப்பட்ட கொலைகளில் கொலையாளிகளுக்கு வாய்தா தேதி முன்னமே தெரியும். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன வாசல் வழியாக அந்த ஆள் வந்தே ஆக வேண்டும். பழிக்குப் பழி வாங்கக் காத்திருப்பவனுக்கு இதைவிட வசதி வேறில்லை. அதனால் வழக்குப் பட்டியலைப் பார்த்து, பகை உள்ள வழக்கு எது என்று முந்தைய நாளே குறித்துக்கொண்டு அன்றைக்குக் கூடுதல் ஆள் போடும் வேலைதான் உயிரைக் காப்பாற்றும். இதற்குப் பெரிய செலவுகூட ஆகாது. தனிப் பிரிவு வேண்டும், அதில் ஒரே ஆட்கள் தொடர்ந்து இருக்க வேண்டும்.

சிறைக் கைதிகளை வீடியோவில் ஆஜர்படுத்தினால் செலவு குறையாதா?

குறையும். வழிக்காவலுக்குப் போகும் ஆயுதப்படை ஆட்கள் மிச்சமாவார்கள். காவல் நீட்டிப்புக்கு மட்டும் என்றால் வீடியோ போதும். சாட்சி விசாரணை நடக்கும்போது கைதி தன் வக்கீலோடு பேச முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

வழக்கறிஞர்களையும் சோதிக்க வேண்டுமா?

வேண்டும். ரோகிணிக்குப் பிறகும் லக்னோவுக்குப் பிறகும் இதில் விவாதத்துக்கு இடமில்லை. தினமும் வருகிறவரை வரிசையில் நிறுத்தித் தடவிப் பார்ப்பது அவமானம் என்ற வாதத்தில் உள்ள வருத்தம் புரிகிறது. அடையாள அட்டையைக் கருவியில் காட்டிவிட்டுப் போகும் தனி வழி வைத்தால் போதும். கறுப்புக் கோட்டே நுழைவுச்சீட்டு என்று இருக்கும் வரை அந்தக் கோட்டை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கிவிடுவார்கள்.

விஐபி பாதுகாப்பில் எக்ஸ், ஒய், இசட் என்கிறார்களே, அதெல்லாம் யார் முடிவு செய்வது?

எக்ஸ், ஒய், ஒய் பிளஸ், இசட், இசட் பிளஸ் என்று படிகள். கீழ்ப்படியில் ஓரிரு தனிப் பாதுகாவலர். மேலே போகப் போக வீட்டுக் காவல், பின்தொடரும் வண்டி, கமாண்டோ எல்லாம் சேரும். மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு உளவுத்துறையின் மதிப்பீட்டைப் பார்த்து உள்துறை அமைச்சகம் முடிவு செய்கிறது. ஆட்கள் சிஆர்பிஎஃப், சிஐஎஸ்எஃப், என்எஸ்ஜி போன்ற படைகளிலிருந்து போகிறார்கள். மாநில அரசின் பாதுகாப்புப் பட்டியலுக்கு மாநில உளவுப் பிரிவும் பாதுகாப்பு மறுஆய்வுக் குழுவும் இருக்கின்றன. செலவு மாநிலக் காவல்துறையுடையது.

பிரதமருக்கான எஸ்பிஜி (சிறப்புப் பாதுகாப்புக் குழு) இதில் எங்கே வருகிறது?

தனிச் சட்டம், தனி ஒதுக்கீடு. இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு 1985-இல் தொடங்கி, 1988-இல் சட்டமானது. அப்போது அந்தப் பாதுகாப்பு பதவியில் இருக்கும் பிரதமருக்கு மட்டும்தான். பதவி போனதும் ராஜீவ் காந்திக்கு அது நின்றுபோனது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் கூட்டத்துக்குள் நடந்து போனபோது அவரோடு நெருக்கமாக இருந்தவர் டெல்லி போலீசைச் சேர்ந்த ஒரே தனிப் பாதுகாவலர், பிரதீப் குமார் குப்தா. அவரும் இறந்தார். அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு முன்னாள் பிரதமர்களும் குடும்பத்தாரும் சேர்க்கப்பட்டார்கள். 2019 திருத்தம் அதை மறுபடி சுருக்கியது. இப்போது பிரதமர், அவரோடு வசிக்கும் குடும்பத்தார், பதவி விலகி ஐந்து ஆண்டு வரை முன்னாள் பிரதமர். 2020-21 மத்திய பட்ஜெட்டில் எஸ்பிஜிக்கு ஒதுக்கியது ரூ.592.55 கோடி.

தனியாகப் பெயர் எழுதி, தனியாகத் தொகை போட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. எஸ்பிஜி வீரரை யாரும் திருவிழா பந்தோபஸ்துக்குக் கூட்டிப்போவதில்லை.

நீதிபதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டா?

உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்குப் பாதுகாவலரும் வீட்டுக் காவலும் வழக்கமாக உண்டு. அச்சுறுத்தல் வந்தால் கூட்டுவார்கள். ஹிஜாப் வழக்கில் தீர்ப்பளித்த கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவருக்கு 2022 மார்ச்சில் ஒய் பிரிவுப் பாதுகாப்பு தரப்பட்டது. அவர்களை மிரட்டும் பேச்சு எழுந்தது தமிழ்நாட்டில். கைதுகளும் இங்கேதான் நடந்தன.

கீழமை நீதிபதிகளின் நிலைமை வேறு. ஜாமீன் மறுப்பதும் தண்டனை கொடுப்பதும் ரவுடியின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதும் அவர்கள்தான். சாயங்காலம் அதே ஊர் கடைத்தெருவில் காய்கறி வாங்குவதும் அவர்கள்தான். தன்பாத் நீதிபதி தனியாகத்தான் நடந்துபோனார். அவரைக் கொன்ற இருவருக்கு 2022-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

விஐபி பாதுகாப்பில் எத்தனை போலீசார் இருக்கிறார்கள்?

காவல்துறை ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகம் வெளியிட்ட கணக்கின்படி 2019-இல் நாடு முழுக்க 19,467 பேருக்குப் பாதுகாப்பு தர 66,043 போலீசார். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைவிட இது 20 ஆயிரத்துக்கும் அதிகம். அந்தக் கூடுதல் ஆட்கள் ஏதோ ஒரு ஸ்டேஷனிலிருந்தோ ஆயுதப்படையிலிருந்தோ எடுக்கப்பட்டவர்கள். போதாததற்கு ஆர்டர்லி, அதாவது அதிகாரிகளின் வீட்டு வேலைக்குப் போலீசாரை வைத்துக்கொள்ளும் முறை. 1979-லேயே ஒழித்ததாக அரசாணை போட்ட அந்த முறையை, 2022-லும் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்து முடிவுக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டவும் கூடாது. 2022 மே மாதம் பஞ்சாப் அரசு 424 பேருக்குப் பாதுகாப்பைக் குறைத்தது, பெயர்களும் வெளியே வந்துவிட்டன. மறுநாள் மே 29 அன்று அந்தப் பட்டியலில் இருந்த பாடகர் சித்து மூசேவாலா சுட்டுக் கொல்லப்பட்டார். யாருக்கு எடுக்கலாம் என்று ஒவ்வொருவராகப் பார்த்து, சத்தமில்லாமல் செய்ய வேண்டிய வேலை அது.

வசதி உள்ளவர்கள் பணம் கட்டிப் பாதுகாப்பு வாங்கலாமா?

அச்சுறுத்தல் உண்மை என்று போலீஸ் ஒத்துக்கொண்டால் கட்டணத்துக்குத் தருகிறார்கள். முகேஷ் அம்பானி குடும்பத்துக்கு இசட் பிளஸ் பாதுகாப்பு தர 2023 பிப்ரவரியில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், முழுச் செலவும் அவர்களுடையது என்று சொன்னது.

சாட்சிகளுக்கு?

2018 டிசம்பர் 5 அன்று மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுமைக்கும் பொருந்தும் சட்டமாக்கியது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் சாட்சி விண்ணப்பிக்கலாம். போலீஸ் மதிப்பீட்டு அறிக்கை தரும். செலவுக்கு மாநிலம் ஒரு சாட்சிப் பாதுகாப்பு நிதி வைக்க வேண்டும். பட்ஜெட் ஒதுக்கீடு, நீதிமன்றம் விதிக்கும் செலவுத் தொகை, நன்கொடை ஆகியவை அதில் சேரலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398-ஆவது பிரிவும் ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. திட்டம் இருக்கிறது என்பதே பெரும்பாலான சாட்சிகளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய விசாரணை அதிகாரி சொல்வதில்லை.

எங்கள் ஊர் கோர்ட்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்க முடியுமா?

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். போலீசார் எண்ணிக்கைக்கு எஸ்.பி. அலுவலகம், ஸ்கேனர், கேமரா கொள்முதலுக்கு மாவட்ட நீதிமன்றம், சுற்றுச்சுவருக்குப் பொதுப்பணித்துறை. எந்த வாசலில் எந்த நேரத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் 8-ஆவது பிரிவைக் காட்டி மறுப்பார்கள், மறுப்பதும் சரி. ஆண்டு மொத்தம், பழுதான கேமராக்கள் எத்தனை, 2023 உத்தரவின்படி திட்டம் தயாரானதா என்று கேளுங்கள்.

எதிர்த் தரப்பால் ஆபத்து என்று பயமாக இருக்கிறது. வாய்தாவுக்கு எப்படி வருவது?

முதலில் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். அப்புறம் எழுத்தில் இரண்டு மனு: ஒன்று காவல் நிலையத்துக்கு, ஒன்று வழக்கை விசாரிக்கும் நீதிபதிக்கு. வந்த மிரட்டலின் தேதி, நேரம், போன் பதிவு இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். வீடியோ மூலம் ஆஜராகவும் அனுமதி கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். உதவி எண் 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம். வாய்தா அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக வளாகத்துக்குள் வந்துவிடுங்கள். வெளியே டீக்கடையில் காத்திருக்காதீர்கள். முடிந்ததும், வரச் சொன்ன ஆள் வாசலுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு வெளியே போங்கள்.